ஓரத்தில் எழுதிய குறிப்பு: ரீயூனியன் தீவில் இளம் ஆய்வாளர் பயிற்சியின்போது நேர்ந்த இரு பிழைகள்

இங்கே பதிவாகும் நிகழ்வில் இரண்டு குழந்தைகளும் மூன்று பயிற்சி ஆய்வாளர்களும் வருகின்றனர். குடும்பங்களின் ஒப்புதலோடு எழுதப்படுகிறது. அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன; நிகழ்ந்தவற்றின் வரிசையும் எங்கள் பிழைகளும் மாற்றப்படவில்லை. பயிற்சியை நடத்தியவன் நான். ஆகவே இதைப் பயிற்சி பெற்றவர்களின் தவறுகளைப் பற்றிய அறிக்கையாக எழுதும் உரிமை எனக்கில்லை.

பின்னணி

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுப் பகுதியான ரீயூனியன் தீவில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் பரவிய சிக்குன்குன்யா, அப்போது எட்டு லட்சத்தை எட்டாதிருந்த மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல், அதாவது ஏறத்தாழ 2,66,000 பேரைத் தாக்கியது. அதுவரை மூட்டுவலி தரும் காய்ச்சல் என்றே பெரும்பாலும் அறியப்பட்டிருந்த அந்நோய், பிரசவ வேளையில் தாயின் இரத்தத்தில் வைரஸ் இருக்குமானால் குழந்தைக்கும் தொற்றக்கூடும் என்பது இத்தீவில்தான் தெளிவாகப் பதிவாயிற்று. 2008இல் வெளியான ஆய்வின்படி, அத்தகைய பிரசவங்களில் ஏறக்குறைய பாதியில் தொற்று குழந்தைக்குக் கடந்திருந்தது. பிறந்த அன்று நலமாகத் தோன்றிய அக்குழந்தைகளுக்கு மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள் நோய்க்குறிகள் தோன்றின. சிலருக்கு மூளையும் பாதிக்கப்பட்டது. அவ்வாறு தொற்றிய 33 குழந்தைகளையும் தொற்றாத 135 குழந்தைகளையும் ஏறத்தாழ இரண்டு வயதில் ஒப்பிட்ட 2014ஆம் ஆண்டு ஆய்வில், தொற்றியவர்களின் சராசரி வளர்ச்சி ஈவு (வயதுக்கேற்ற வளர்ச்சி எனில் 100) 86.3 ஆகவும் மற்றவர்களுடையது 100.2 ஆகவும் இருந்தன. ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதம் முதல் பிரிவில் 51 விழுக்காட்டினரிடமும் இரண்டாவதில் 15 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது.

2025இல் நோய் மீண்டும் தீவெங்கும் பரவி, ஆய்வகத்தில் உறுதிசெய்யப்பட்டோர் மட்டும் ஐம்பதாயிரத்தைத் தாண்டியபோது, அவ்வாண்டில் பிறந்த குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்க்கும் ஆட்கள் தேவைப்படுவார்கள் என்பது வெளிப்படையாயிற்று. இரண்டு வயதுக் குழந்தையை முக்கால் மணி நேரம் மேசைக்கு எதிரே அமர்த்தி அதன் வளர்ச்சியை அளக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. அத்தகையோரை உருவாக்குவதற்கே இந்தப் பயிற்சி தொடங்கப்பட்டது.

பயிற்சியின் அமைப்பு

பயிற்சிக்கு மூவர் தேர்வாயினர். ஒருவர் பிரான்சிலிருந்து வந்த உளவியல் பட்டதாரி. மற்றொருவர் இத்தீவில் பிறந்து, பிரெஞ்சின் வழிவந்த தீவு மொழியான கிரியோல் பேசி வளர்ந்த செவிலியர். ஆய்வுத் துறைக்கு மாற விரும்பியவர். மூன்றாமவர் முனைவர் பட்ட ஆய்வின் முதலாண்டில் இருந்த பெண். பெற்றோர் புதுச்சேரியிலிருந்து வந்தவர்கள்; 1962இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களில் ஒன்றின் வழியினர்; வீட்டில் தமிழ் பேசுபவர்கள். நானும் அதே ஊர்க்காரன்தான். இத்தீவில் தமிழ் மரபினர் பெருந்தொகையினர் என்றாலும், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழித்தோன்றல்கள் பெரும்பாலும் கிரியோலையே தாய்மொழியாகக் கொண்டுள்ளனர். தமிழ் அவர்களுக்குக் கோயில் மொழி. வீட்டுக்குள் தமிழ் புழங்குவது எங்களைப் போல் பின்னால் வந்த சில குடும்பங்களில்தான்.

அளவுகோலாக நாங்கள் கொண்டது ப்ரூனே லெசீன். 1951இல் பிரான்சில் உருவாக்கப்பட்டு 1997இல் திருத்தப்பட்ட இது, 2 முதல் 30 மாதம் வரையிலான குழந்தைகளின் உடலசைவு, கை கண் ஒருங்கிணைப்பு, மொழி, பழகுமுறை ஆகிய நான்கையும் பார்க்கிறது. கண்டறிந்த வளர்ச்சி வயதை உண்மை வயதால் வகுத்து நூறால் பெருக்கினால் வளர்ச்சி ஈவு கிடைக்கும். முந்தைய கொள்ளைநோய்க் குழந்தைகளை அளந்த கோலும் இதுவே என்பதால், புதிய எண்களைப் பழையவற்றோடு ஒப்பிட வேண்டுமானால் இதை விட்டுவிட முடியாது.

முதல் மாதத்தில் கையேடு, இரண்டாம் மாதத்தில் மதிப்பெண் இடும் விதிகள், மூன்றாம் மாதத்திலிருந்து தன்னார்வக் குடும்பங்களின் நலமான குழந்தைகளைப் பார்த்தல் என்று வரிசை வகுத்தேன். ஒவ்வொரு அமர்வும் பெற்றோர் இருவரின் எழுத்து ஒப்புதலோடு ஒளிப்பதிவு செய்யப்பட்டது. ஒருவர் சோதனை நடத்த, இன்னொருவர் தனியாக மதிப்பெண் இட, மூன்றாமவர் ஒளிப்பதிவுக் கருவியைப் பார்த்துக்கொள்வார். கருவியைப் பார்ப்பவர் வாய் திறக்கக் கூடாது என்பது நானே எழுதிய விதி. அவ்விதிக்கு ஒரு காரணம் இருந்தது: அறையில் இரண்டு பெரியவர்கள் பேசினால் குழந்தை யாரைப் பார்ப்பது என்று தடுமாறும்.

முதல் குழந்தை

மூன்றாம் மாதத்தின் இறுதியில் 25 மாதப் பெண் குழந்தை ஒன்றைப் பெற்றோரும் பாட்டியும் அழைத்துவந்தனர். புதுச்சேரிக் குடும்பம், பாட்டி ஓராண்டாக உடனிருந்து குழந்தையை வளர்த்துவந்தார். பகலில் பாதி நேரம் குழந்தைகள் காப்பகம், மீதி நேரம் பாட்டி. பிரான்சிலிருந்து வந்த பயிற்சி ஆய்வாளர் சோதனை நடத்தினார், செவிலியர் மதிப்பெண் இட்டார், தமிழ் தெரிந்த பெண் ஒளிப்பதிவில் இருந்தார்.

குழந்தை கட்டைகளை அடுக்கியது, பந்தை உதைத்தது, பென்சிலால் கோடு இழுத்தது. மொழிப் பகுதிக்கு வந்ததும் தாள்களில் சுழியங்கள் தொடங்கின. பொம்மையின் படத்தைக் காட்டி இது என்ன என்று பிரெஞ்சில் கேட்டதற்கு, குழந்தை சிரித்துக்கொண்டே "பாப்பா" என்றது. பிரெஞ்சுக் காதுக்கு அது அப்பா. பொம்மைக்கு அப்பா என்று சொன்னதாகக் கொண்டு இருவரும் தவறு என்று குறித்தனர். பறவையின் படத்துக்குக் குழந்தை "காக்கா" என்றது. பிரெஞ்சில் அவ்வொலிக்கு மலம் என்று பொருள். எல்லாக் குழந்தைகளும் சிறுவயதிலேயே கற்றுக்கொள்ளும் சொல். சோதனை நடத்தியவர் அமர்வை நிறுத்திக் குழந்தையைக் கழிவறைக்கு அழைத்துச் செல்ல வேண்டுமா என்று தாயிடம் பணிவாகக் கேட்டார். தாய் குழம்பி, இல்லை என்று தலையசைத்தார். பாட்டிக்கு அந்த உரையாடலே விளங்கவில்லை. ஒளிப்பதிவில் இன்று பார்க்கையில் சிரிப்பு வருகிறது. அன்று யாரும் சிரிக்கவில்லை என்பதையும் அதே ஒளிப்பதிவு காட்டுகிறது. அமர்வு முடியும் தறுவாயில் குழந்தை பாட்டியிடம் ஓடி "தண்ணி தா" என்றது. அது இரு சொற்கள் சேர்ந்த தொடர். அந்த வயதில் நாம் எதிர்பார்ப்பதும் அதையே. தாளில் அதற்கான கட்டம் வெறுமையாக இருந்தது.

இரு மதிப்பீட்டாளர்களின் தாள்களும் ஏறக்குறைய முற்றிலும் ஒத்துப்போயின. அக்காலக்கட்டத்தின் அமர்வுகள் அனைத்துக்கும் சேர்த்து ஒப்புமையைக் கணக்கிட்டபோது கப்பா கெழு மிக உயர்வாக வந்தது. பயிற்சி நன்றாகச் செல்கிறது என்று நான் நிறைவடைந்தேன். மொழிப் பகுதி பின்தங்கியிருப்பதாகவும் பேச்சுப் பயிற்சியாளரைப் பார்ப்பது நல்லது என்றும் குடும்பத்துக்குக் கடிதம் சென்றது. கையெழுத்து என்னுடையது. அந்த அமர்வின் ஒளிப்பதிவை நான் அப்போது பார்த்திருக்கவில்லை.

மூன்று வாரம் கழித்துக் கண்டது

தாள்களைக் கோப்பில் சேர்ப்பதற்கு முன் வரிசை எண்களைச் சரிபார்க்கையில், ஒளிப்பதிவுப் பொறுப்பில் இருந்தவர் நிரப்ப வேண்டிய தாளின் ஓரத்தில் பென்சிலால் சிறிதாகத் தமிழில் எழுதியிருந்ததைக் கண்டேன்: "பாப்பா = பொம்மை. காக்கா = பறவை. தண்ணி தா. கேட்கலாமா?" கடைசிச் சொல்லின் மேல் ஒரு கோடு இழுத்து அடிக்கப்பட்டிருந்தது.

அவரை அழைத்துக் கேட்டேன். அன்றே ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கு, கருவியின் பின்னால் நிற்பவர் பேசக் கூடாது என்ற விதியை முதலில் சொன்னார். அமர்வு முடிந்த பிறகாவது சொல்லியிருக்கலாமே என்றதற்குச் சற்று நேரம் அமைதியாக இருந்துவிட்டு, "ரெண்டு பேருடைய மார்க்கும் ஒண்ணா இருந்துச்சு சார். நான் இன்னும் மதிப்பெண் போடவே ஆரம்பிக்கல. அளவுகோல் பிரெஞ்சுலதான இருக்கு, தமிழ்ல சொன்னா கணக்கு இல்லபோல இருக்குன்னு விட்டுட்டேன்" என்றார். அவர் சொன்னதில் எனக்கு எதிராக எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லும் என் பயிற்சியின் வரிசையிலிருந்தே வந்தது. குழந்தையைப் பார்க்கக் கற்பிக்கும் முன் இரண்டு மாதம் கையேட்டையும் மதிப்பெண்ணையும் கற்பித்தால், கையேட்டில் இடமில்லாத ஒன்றைக் கண்டவர் தம் கண்ணைத்தான் ஐயுறுவார்.

கப்பா கெழுவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஜேக்கப் கோஹென் 1960இல் முன்வைத்த அந்த எண், இருவர் ஒத்துப்போவதில் தற்செயலின் பங்கைக் கழித்து மீதியைச் சொல்வது. இருவருக்கும் ஒரே மொழி தெரியாதபோது அவர்கள் ஒரே இடத்தில் செவிடாகிறார்கள், ஒப்புமை உயர்கிறது. இதைப் புள்ளியியல் வகுப்பில் நானே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதலில் குடும்பத்தை நேரில் சந்தித்தோம். தொலைபேசியில் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் கடிதத்தில் எழுதியதை மறுக்க இன்னொரு கடிதம் போதாது என்று தோன்றியது. தமிழ் தெரிந்த பயிற்சி ஆய்வாளரையும் உடன் அழைத்துச் சென்றேன். அங்கேதான் கடிதத்தின் விளைவு தெரிந்தது. பெற்றோர் வீட்டில் தமிழை நிறுத்திவிட்டிருந்தனர். இரண்டு மொழி குழப்பும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னாராம். பிரெஞ்சு பேசத் தெரியாத பாட்டி, பேத்தியிடம் பேசுவதையே விட்டிருந்தார். "நான் பேசுற பேச்சாலதான் புள்ளைக்கு வாய் தொறக்கலன்னு நெனச்சிட்டேன் தம்பி. மூணு வாரமா பாட்டு மட்டுந்தான் பாடுறேன். பாட்டு தப்பில்லையே?" என்று கேட்டார். பிழை எங்களுடையது என்றும், இரு மொழி கேட்டு வளரும் குழந்தைக்கு ஒவ்வொரு மொழியிலும் சொற்கள் சற்றுக் குறைவாகத் தோன்றினாலும் இரண்டையும் சேர்த்து எண்ணினால் ஒரு மொழிக் குழந்தைக்கு நிகராகவே இருக்கும் என்றும், இரு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் உண்டாவதில்லை என்றும் விளக்கினோம். தாயிடம் கேட்டுப் பட்டியலிட்டபோது தமிழும் பிரெஞ்சுமாக நூற்றுக்கு மேற்பட்ட சொற்கள் வந்தன. கடிதம் திரும்பப் பெறப்பட்டது.

இரண்டாவது முடிவு கடினமானது. தமிழ்ச் சொற்களுக்கு மதிப்பெண் கொடுத்து அந்தக் குழந்தையின் ஈவைத் திருத்திவிடலாமே என்று மூவரும் கேட்டனர். நான் மறுத்தேன். அளவுகோலின் வயது வரம்புகள் பிரெஞ்சு பேசும் குழந்தைகளிடம் கண்டறியப்பட்டவை. எந்தச் சொல் எளிது, எது கடினம் என்ற வரிசை அம்மொழிக்கு உரியது. அதைத் தமிழுக்கு மாற்றினால் கிடைப்பது ஈவைப் போலத் தோன்றும் வேறோர் எண்ணாகிவிடும். பழைய கொள்ளைநோய்க் குழந்தைகளின் எண்களோடு அதை வைத்து ஒப்பிட முடியாது. ஆகவே, வீட்டு மொழி பிரெஞ்சு அல்லாத குழந்தைக்கு மொழிப் பகுதியின் ஈவை விதிப்படியே கணக்கிட்டுப் பதிவது. அதன் அடிப்படையில் குடும்பத்துக்கு எந்த முடிவும் சொல்லாதிருப்பது. எல்லா மொழிகளிலும் குழந்தை சொல்பவற்றைத் தனித்தாளில் எழுதி, பெற்றோரிடம் கேட்டு நிரப்பி, அதைக் கொண்டு மருத்துவ முடிவை எடுப்பது என்று வகுத்தோம். முதல் எண் ஆய்வுக்கு, இரண்டாவது தாள் குழந்தைக்கு.

மூன்றாவதாக அதுவரை எடுத்த எல்லா ஒளிப்பதிவுகளையும் மீண்டும் பார்த்தோம். அப்போது நான் எதிர்பாராத ஒன்று வெளிப்பட்டது. செவிலியராக இருந்தவர், குழந்தை வீட்டைக் "காஸ்" என்றும் தண்ணீரைத் "தோலோ" என்றும் கிரியோலில் சொன்னால் பல அமர்வுகளில் மதிப்பெண் கொடுத்திருந்தார். சில அமர்வுகளில் கொடுக்கவில்லை. அவருக்கே அது தெரியவில்லை. அவர் காதில் அவை வேற்றுமொழியாக ஒலிக்கவில்லை, அவ்வளவுதான். தமிழ்க் குழந்தைகள் இத்தீவில் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். கிரியோல் பேசும் குழந்தைகளோ பெரும்பான்மை. புதுச்சேரிக் குடும்பத்தில் நேர்ந்த பிழை கண்ணில் பட்டது, அது முழுப் பிழையாக இருந்ததால். கிரியோல் குழந்தைகளிடம் நேர்ந்தது பாதிப் பிழை. அது ஆண்டுக்கணக்கில் கண்ணில் படாமலே போயிருக்கும். எங்கள் ஆய்வின் எண்களுக்கு அதுவே பெரிய கேடு.

இரண்டாவது குழந்தை

இதன்பின் மூன்று மாதம் எல்லாம் சீராகச் சென்றதாக நினைத்தோம். ஓரக் குறிப்பு எழுதிய பெண்ணை வாரக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் பாராட்டினேன். தமிழ்க் குடும்பங்கள் வந்தால் அவரே சோதனை நடத்துவார் என்றும், மற்ற இருவருக்கும் மொழி தெரியாததால் அத்தகைய அமர்வுகளில் இரண்டாவது மதிப்பீட்டாளர் மொழிப் பகுதிக்குத் தேவையில்லை என்றும் முடிவு செய்தேன். அந்த முடிவை எழுதிய தாள் என்னிடம் இருக்கிறது. அதை எழுதியபோது கைநடுக்கம் எதுவும் இருக்கவில்லை.

23 மாத ஆண் குழந்தை ஒன்று வந்தது. வீட்டில் பாட்டி தமிழ், தாய் தமிழும் பிரெஞ்சும், தந்தை கிரியோல், காப்பகத்தில் பிரெஞ்சு. கட்டை, பென்சில், பந்து எல்லாவற்றிலும் வயதுக்கு மேலாகச் செய்தான். பேச்சு மிகக் குறைவு. தனித்தாளில் எட்டுச் சொற்கள் பதிவாயின. இரு சொற்கள் சேர்ந்த தொடர் ஒன்றும் இல்லை. அதன் கீழே அவர் எழுதிய முடிவு இது: "மூன்று மொழிச் சூழல். சொற்கள் மொழிகளுக்கிடையே பிரிந்து கிடக்கின்றன. கவலை இல்லை. ஆறு மாதத்தில் மீண்டும் பார்க்கலாம்." முதல் குழந்தையின் வீட்டில் அவரே விளக்கிய கணக்கு, அதாவது எல்லா மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணுவது, இங்கே செய்யப்படவில்லை. செய்திருந்தால் எட்டு என்பதே எல்லா மொழிகளும் சேர்ந்த எண் என்பது அவர் கண்ணில் பட்டிருக்கும்.

அந்த ஒளிப்பதிவை நானும் பார்த்தேன். பாட்டியின் பேச்சைக் கேட்டு மகிழ்ந்துகொண்டே வேகமாக ஓட்டிப் பார்த்தேன். கீழே கையெழுத்திட்டேன்.

ஏழு வாரம் கழித்து, வேறொரு காரணத்துக்காக அந்தப் பதிவைத் திறந்த செவிலியர் என் அறைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. பேச்சு புரியாததால் ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தாராம். "இந்தப் பாட்டி, பையனிடம் எதைச் சொல்வதானாலும் முதலில் அவன் தோளைத் தொடுகிறார், தொட்டு, அவன் திரும்பிய பிறகே வாயைத் திறக்கிறார். பதினேழு முறை எண்ணினேன்" என்றார். மீண்டும் பார்த்தோம். அவன் முதுகுக்குப் பின்னால் கரண்டி ஒன்று தரையில் விழுகிறது. அறையிலிருந்த நான்கு பெரியவர்களும் திரும்புகிறார்கள், அவன் திரும்பவில்லை. எதிரில் அமர்ந்து பெயர் சொல்லி அழைத்தால் உடனே முகம் பார்க்கிறான். கதவருகிலிருந்து தாய் அழைக்கும்போது கட்டையோடு விளையாடிக்கொண்டே இருக்கிறான். பாட்டி தொட்டுப் பேசுவதைச் சோதனை நடத்திய பெண்ணும் கவனித்திருந்தார். பழகுமுறைப் பகுதியின் குறிப்பில் அவர் எழுதியிருந்தது: "பாட்டி மிகுந்த அன்போடு தொட்டுப் பேசுகிறார்." கண்டது சரிதான், பாட்டி காரணமில்லாமல் தொடவில்லை என்பது மட்டும் எட்டவில்லை.

மறுநாளே குடும்பத்தை அழைத்து, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பினோம். செவிப்பறை இரு பக்கமும் அசையவில்லை. நடுக்காதில் நீர் தேங்கியிருந்தது. கேட்கும் திறன் இரு காதிலும் குறைந்திருந்தது. காப்பகம் சென்று அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளிடம் இது அரிதன்று. வலியில்லாமல், காய்ச்சலில்லாமல், நாளுக்கு நாள் கூடியும் குறைந்தும் நிற்கக்கூடியது என்பதால் வீட்டார் நோயாக உணர்வதில்லை; சில நாட்களில் கேட்கும், சில நாட்களில் கேட்காது, அதனால் பிடிவாதக்காரப் பிள்ளை என்ற பெயர் வரும். இவனுக்கும் அந்தப் பெயர் இருந்தது.

பிழை எங்கே தொடங்கியது

காரணங்களை அடுக்கும்போது எளிய விடை ஒன்று எல்லோர் வாயிலும் வந்தது: பயிற்சி பெறுபவர் முதல் பிழையிலிருந்து அளவுக்கு மீறிக் கற்றுக்கொண்டார். அது உண்மையே. ஆனால் அவ்வாறு கற்றுக்கொள்ளும்படி பாராட்டியவன் நான். மொழியால் ஒரு குழந்தை தவறாகக் குறைத்து மதிக்கப்பட்ட நிகழ்வைப் பயிற்சியின் நடுநாயகக் கதையாக ஆக்கி, அடுத்து வரும் ஒவ்வொரு குழந்தையிடமும் அதே கதையைத் தேடும் கண்ணை உருவாக்கினேன். தமிழ் தெரிந்தவர் ஒருவரே பார்த்தால் போதும் என்றதன் மூலம், அவரது பார்வையைச் சரிபார்க்கும் ஒரே வழியையும் அடைத்தேன். மொழி தெரியாதவர் பயனற்றவர் என்று நான் கருதியிருந்தேன். இந்தக் குழந்தையைக் கண்டுபிடித்தவர் அந்த மொழி தெரியாதவர்.

இன்னொன்றும் உண்டு. பையனின் உடல்நலக் கையேட்டில், பிறந்த சில நாட்களில் செய்த கேட்புச் சோதனை நல்லபடியாக முடிந்ததாக முத்திரை இருந்தது. பிரான்சில் 2012ஆம் ஆண்டு ஆணைக்குப் பின் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் அது செய்யப்படுகிறது. தாள்களை நிரப்பும்போது மூவரும் அந்த முத்திரையைக் கண்டு கேட்பு என்ற கட்டத்தில் "சரி" என்று எழுதப் பழகியிருந்தனர். பிறவிச் செவிட்டைக் கண்டறிய அந்தச் சோதனை மிகவும் பயன்படும். ஆனால் இரண்டாம் வயதில் நீர் கட்டிய காதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. படிவத்தில் தேதி கேட்காமல் ஆம், இல்லை என்று மட்டும் கேட்ட கட்டத்தை வடிவமைத்ததும் நாங்களே.

நிகழ்ந்ததை அந்தப் பெண்ணிடம் தனியாகச் சொன்னேன், கூட்டத்தில் சொல்லவில்லை. பாராட்டைப் பொதுவில் சொல்லிவிட்டுப் பிழையைத் தனியே சொல்வது அவரைக் காப்பது போலத் தோன்றினாலும் மற்ற இருவரும் கற்க வேண்டியதை மறைப்பதாகும் என்று அவரே மறுநாள் வந்து சொல்லி, அடுத்த கூட்டத்தில் அந்த ஒளிப்பதிவைத் தாமே போட்டுக் காட்டினார். ஒலி இல்லாமல்தான் போட்டார். ஓடி முடியும் வரை அவர் ஒன்றும் சொல்லவில்லை.

விளைவு

பெண் குழந்தையின் வீட்டில் தமிழ் திரும்பியது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, எங்களிடம் பிரெஞ்சில் பேசி, பாட்டியிடம் திரும்பித் தமிழில் அதையே சொல்லி, இரண்டையும் கலக்காமல் வைத்திருந்தாள். தாய் மட்டும் எங்கள் கடிதங்களை இப்போதும் இருமுறை படிப்பதாகச் சொன்னார்.

பையனுக்கு மருத்துவர் சில வாரம் பொறுத்துப் பார்த்தார், நீர் வடியவில்லை, இரு செவிப்பறையிலும் சிறு குழாய் வைக்கப்பட்டது. வீடு திரும்பிய அன்று மாலை குளிர்சாதனப் பெட்டியின் ஒலியைக் காட்டிக் காட்டி இது என்ன என்று கையசைத்துக் கேட்டானாம். நான்கு மாதத்தில் "பாட்டி வா" என்ற தொடர் வந்தது. சொற்கள் வேகமாகக் கூடுகின்றன என்றாலும் வயதொத்தவர்களை இன்னும் எட்டவில்லை; பேச்சுப் பயிற்சி தொடர்கிறது. நாங்கள் தவறவிட்ட ஏழு வாரத்தால் எவ்வளவு இழப்பு என்று எங்களால் சொல்ல முடியாது. தாய் அதைக் கேட்டார். அப்படியே பதில் சொன்னேன்.

மாற்றியவையும் மாறாதவையும்

அடுத்த அணிக்குப் பயிற்சியின் வரிசையைத் திருப்பிவிட்டோம். முதல் மூன்று வாரம் கையேடு கிடையாது. ஒளிப்பதிவுகளை ஒலி இல்லாமல் பார்த்து, கண்டதை மட்டும் எழுத வேண்டும். அன்பாக, ஆர்வமாக, பிடிவாதமாக என்ற சொற்களுக்கு அனுமதியில்லை. தோளைத் தொட்டார், பிறகு பேசினார் என்றே எழுத வேண்டும். பிறகு படம் இல்லாமல் ஒலியை மட்டும் கேட்க வேண்டும். அதன்பின்னரே அளவுகோல் கைக்கு வரும். இது பயிற்சி பெறுபவர்களுக்குப் பொறுமையைச் சோதிப்பதாக இருக்கிறது. ஒருவர் இரண்டாம் வாரத்திலேயே, தாம் ஆய்வுக்கு வந்தாரா திரைப்படம் பார்க்க வந்தாரா என்று கேட்டார். நியாயமான கேள்வி.

ஒவ்வொரு குழந்தையையும் அதன் வீட்டு மொழி தெரிந்த ஒருவரும் தெரியாத ஒருவரும் தனித்தனியே பார்க்கின்றனர். இருவரும் ஒத்துப்போகாத அமர்வுகளையே வாரக் கூட்டத்தில் முதலில் எடுக்கிறோம். முழுதும் ஒத்துப்போன அமர்வுகளிலிருந்தும் ஒன்றைச் சீட்டெடுத்துப் பார்க்கிறோம். தாள்களின் வலப்பக்க ஓரம் அகலமாக்கப்பட்டுள்ளது. கருவியின் பின்னால் நிற்பவர் அமர்வின்போது பேசக் கூடாது என்ற விதி நீடிக்கிறது. ஆனால் அமர்வு முடிந்து குடும்பம் புறப்படும் முன் அவர் தம் ஓரக் குறிப்பை உரக்கப் படிக்காமல் தாளை யாரும் மூடக் கூடாது.

மாறாதவையும் உள்ளன. கிரியோல் பேசும் குழந்தைகளுக்குரிய வயது வரம்புகள் எங்கள் அளவுகோலில் இல்லை. அவற்றை உருவாக்குவது எங்கள் சிறு குழுவால் ஆகும் பணியன்று. பழைய கொள்ளைநோய்க் குழந்தைகளின் எண்களோடு ஒப்பிடும் கட்டாயம் நீடிப்பதால் அளவுகோலையும் மாற்றவில்லை. மொழிப் பகுதியின் ஈவை இப்போது தனியே பிரித்து, மற்ற மூன்று பகுதிகளின் ஈவோடு சேர்க்காமல் பகுப்பாய்வு செய்யத் திட்டமிட்டிருக்கிறோம். அதனால் ஆய்வின் வலு குறையும் என்று புள்ளியியல் ஆலோசகர் எச்சரித்தார். குறைந்த வலுவோடு போகலாம் என்று முடிவு செய்தோம்.

அண்மைய கேட்புச் சோதனையின் முடிவு கையில் இல்லாத குழந்தைக்கு மொழிப் பகுதியை இப்போது தொடங்குவதில்லை. தீவில் அந்தச் சோதனைக்கு நேரம் கிடைக்கப் பல வாரம் ஆகிறது; அளவுகோலோ 30 மாதத்தோடு முடிந்துவிடுகிறது. இதை எழுதும்போது மூன்று குடும்பங்கள் காத்திருக்கின்றன. அவற்றில் ஒரு குழந்தைக்கு 28 மாதம் ஆகிறது.